மால்டாவில் ஓர் ஓவியத்தின் முன்

சென்ற ஆண்டு யாத்திரைக் குழுவினருடன் மால்டாத் தீவுக்குச் சென்றிருந்தேன். மற்றவர்கள் கடலாடவும், படகேறிக் கோசோவைக் காணவும் விரைந்தனர். நான் வல்லெட்டா நகரின் புனித அருளப்பர் இணைப்பேராலயத்தை நாடினேன். நுழைவுக் கட்டணம் உண்டு. சற்று முணுமுணுத்தே கொடுத்தேன். தரையெங்கும் அருளப்பர் சபை வீரர்களின் பளிங்குக் கல்லறைகள். செபக்கூடத்தில், கரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய ஸ்நாபக அருளப்பரின் சிரச்சேதம். 1606இல் உரோமையில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பியோடியவர் இவ்வோவியர். அவர் தம் பெயரைப் பொறித்த ஓவியம் இஃதொன்றே. அதுவும் புனிதரின் கழுத்தினின்று வழியும் இரத்தத்தில்.

நெடுநேரம் நின்றேன். கொலைக் குற்றத்திற்காகச் சிறையிருந்து மீண்ட எம் பங்கு இளைஞன் ஒருவன், பாடகர் குழுவில் சேர அனுமதி கேட்டிருந்தான். "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டிருந்தேன்.

வெளியே அவ்வோவியத்தின் அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். மூன்று நாள்கள் அதில் ஒன்றும் எழுத இயலவில்லை. பின்னர், ஒத்திகை நடைபெறும் நாளையும் நேரத்தையும் மட்டும் எழுதி அவனுக்கு அனுப்பினேன்.