சுவாவில் கால் கழுவுதல்

தண்ணீரின் சூட்டை என் முழங்கையால்தான் பார்ப்பேன். பாட்டியிடம் கேட்பதில்லை. கேட்டால், "நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸி" என்பார். கொதிக்கிற தண்ணீரில் வைத்தாலும் அதையேதான் சொல்வார். இனிப்புநீர் நோய் பல வருடம் குடியிருந்த கால் அது. உணர்வு போய்விட்டது.

போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவாவுக்குப் பதினைந்து நாளுக்கொரு முறை இருவராகப் போகிறோம். வீடு தேடிப் போய் ஏழைகளைப் பார்ப்பது, 1833-இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் பழக்கம். தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதில் சேர்ந்தேன். ஆரம்பத்தில் அரிசி, எண்ணெய், இனிப்புப் பால் டின் கொடுத்து, நலம் விசாரித்து, செபம் சொல்லிவிட்டு வருவோம்.

ஒரு பாட்டி வீட்டிலும் அப்படித்தான் செபித்தேன். கைலி அவர் பாதத்தை மூடியிருந்தது. அடுத்த முறை போனபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது. விளக்குமாறு கட்ட ஈர்க்கு சீவப் போனவருக்குச் செம்பனை மட்டையின் முள் சிலிப்பரைத் துளைத்து ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. விரலை எடுத்துவிட்டார்கள். இத்தனை வருடம் தாதியாக இருந்தவள், காலைத் தூக்கிப் பார்க்காமல் கண்ணை மூடிச் செபித்திருக்கிறேன். அந்தச் செபம் இன்னும் என்னை உறுத்துகிறது. பால் டின்னை அன்றோடு நிறுத்தினோம்.

இப்போது முதலில் தரையில் உட்காருகிறேன். பாட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு, தொட்டதும் சொல்லச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை விரலால் லேசாகத் தொடுவேன். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. மொத்தம் 6 தொடுதல். இரண்டைத் தவறவிட்டாலே கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். பிறகு கால் கழுவுவேன். கழுவுவதோடு சரி, ஊற வைப்பதில்லை. விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி எடுப்பதற்குத்தான் அதிக நேரம் ஆகும். வெடித்த குதிகாலுக்குக் களிம்பு தடவுவேன். இடுக்கில் தடவினால் ஈரம் தங்கிப் புண்ணாகிவிடும். நகத்தை நேராக வெட்டுவேன், ஓரத்தைத் தோண்டமாட்டேன்.

2019-இல் மலேசியா முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். விடியுமுன் தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு ஓடி, ரப்பர் பால்வெட்டி, வாளி சுமந்த கால்களைக் கையில் பிடிக்கும்போது அந்தக் கணக்கு எனக்கு வேறு மாதிரி கனக்கிறது.

பெரிய வியாழன் பூசையில் சாமியார் பாதம் கழுவுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சடங்குமுறைப்படி அப்போது ஆண்களின் பாதங்கள்தான். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியை மாற்றினார். அந்தச் செய்தி கேட்டு அழுதேன். நான் கழுவுகிற கால்களில் பெரும்பாலானவை பெண்களுடையவை.

பாதி வீடுகளில் முருகன் படம் இருக்கிறது. செபம் கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் கழுவித் துடைத்துவிட்டுக் கிளம்புவோம். ஆனால் எந்த வீட்டிலும் முதல் தடவை காலை இழுத்துக்கொள்கிறார்கள். "நீ என் காலைத் தொடலாமா ம்மா? பாவம் வந்து சேரும்" என்கிறார்கள். இயேசு காலைக் கழுவ வந்தபோது பேதுருவும் அப்படித்தான் மறுத்தார். நான் வாதாடுவதில்லை. துண்டை மடியில் விரித்துக் காத்திருப்பேன்.

விரல் போன அந்தப் பாட்டி இப்போது எனக்கு முன்பே சிலிப்பரைக் கவிழ்த்துத் தட்டி வாசலில் வைத்துவிடுகிறார். "பார்த்துட்டேன் மிஸ்ஸி, முள்ளு இல்ல" என்கிறார். சரி பாட்டி என்றுவிட்டு, நானும் ஒருமுறை அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கிறேன்.