கிழக்குக் கரையோரமாக (3): கபானாவில் நான்கு தலைமுறை

சென்ற இதழில் மருதமுனைக் கைத்தறிகளைப் பார்த்தோம். இந்த முறை பெரியநீலாவணையிலிருந்து தெற்கே, அறுகம்பைக்கு. ஓகஸ்ட் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது சோறு தின்ற கையோடு வேன் புறப்பட்டது. மூத்தம்மா, உம்மா, பெரியும்மா, சாச்சி, அவரவர் மாப்பிள்ளைமார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வளவே ஏறியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அதனால் அக்கா தங்கைமார் அடுத்தடுத்த வீடுகளிலேயே வாழ்வார்கள். குடி எனும் குலமும் தாய்வழியில்தான் வரும். இந்தக் கரையின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொதுவான வழக்கம். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். ஆகவே எங்கள் வீட்டில் பயணம் என்றாலும் மூத்தம்மாவின் சம்மதம் வேண்டும்.

அது இத்தனை காலமும் கிடைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். இலங்கையில் மிக அதிகமான உயிர்கள் போனது இங்கேதான். அதற்குப் பிறகு பிறந்த எங்கள் பிள்ளைகள், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வளர்ந்தும் கடலில் கால் நனைக்காதவர்கள். "கடல் தெரியாமப் புள்ளயள வளக்கப்படாது, போவம்" என்று இந்த முறை மூத்தம்மாவே சொன்னார்.

சாய்ந்தமருது, விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர் கடந்து ஒலுவிலில் சற்று இறங்கினோம். 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டது. வடக்கே கரை தின்னப்பட்டு, தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அக்கரைப்பற்றில் எருமைத் தயிர் முட்டிகள் வாங்கிக்கொண்டோம். திருக்கோவில், கோமாரி, பொத்துவில் தாண்டினால் அறுகம்பைப் பாலம். சுனாமியில் சிதைந்த பாலத்துக்குப் பதிலாக அமெரிக்க உதவியுடன் கட்டி 2008இல் திறந்தது.

ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை இங்கே அலைச்சறுக்குக் காலம். உலகம் முழுவதிலுமிருந்து பலகையோடு வருகிறார்கள். நாங்கள் எடுத்தது இரண்டு மரக் கபானாக்கள். இலுக்குப் புல் கூரை, முன்னால் விறாந்தை, பின்னால் சின்னக் குசினி. மறுநாள் காலை தோணியிலிருந்து நேரே வாங்கிய பாரை மீனைப் பெரியும்மா புளி விட்டு ஆக்கினார். விறாந்தையில் பாய் விரித்து, சகன் எனும் பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் மீனும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தோம். சகனைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் பக்கச் சோற்றைத் தாங்களே பிசைந்து உண்ண, மூத்தம்மா மீனை முள் எடுத்துச் சின்னவர்களின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசியில் தயிரும் சீனியும். ஊரில் வேலை, டியூஷன் என்று ஆளுக்கொரு நேரத்தில் தின்னும் குடும்பம் இங்கே ஒரு சகனில் கை வைத்தது.

தெற்கு முனையில் பாறையும் பெரிய அலையும் இருப்பதால், தோணிகள் நிற்கும் அமைதியான பக்கத்தில்தான் பிள்ளைகளை இறக்கினோம். அங்கும் ஒரு ஆபத்து உண்டு. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். சின்னவனின் காற்றுப் பந்து நீரில் விழுந்ததுதான் தாமதம், வெளியே ஓடத் தொடங்கியது. அவன் பின்னால் பாய, மூத்தம்மா இடுப்பளவு நீரில் இறங்கிக் கையைப் பிடித்துவிட்டார். "பந்து போனாப் போகட்டும் மகன், நீ போகப்படாது."

அன்று மாலை அவரே அந்த நாளைச் சொன்னார். கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். தாய்லாந்துக் கரையில் அப்படித்தான் முதலில் வற்றியது. எங்கள் கரையிலோ முதலில் நீர் ஏறித்தான் வந்தது. பிறகுதான் வற்றியது, மறுபடியும் வந்தது. வற்றும்வரை காத்திருந்தால் உயிர் மிஞ்சாது. சுமத்திரா அருகே நிலம் குலுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே அலை இங்கே வந்தது. ஒரு எச்சரிக்கை கிடைத்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

கிழக்குக் கரைக்கு வரும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டில் இருக்கும் மூத்தவர்களையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். குசினி உள்ள கபானாவாகப் பாருங்கள். கச்சான் காலத்தில் காற்றடைத்த மிதவைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். கடலில் இறங்கும் முன், மேட்டுக்குப் போகும் பாதை எது என்று அவர்களுக்குக் காட்டிவிடுங்கள்.

அடுத்த இதழில் பாணமை, ஒக்கந்தை, குமண.