இந்தக் கடதாசி யாருக்கு எழுதியது?

ஆவணங்களை வைத்து எழுதும் வரலாற்றுக் கட்டுரையில் பிள்ளைகள் முதலில் செய்வது ஆவணங்களை ஒப்பிப்பதுதான். "முதலாம் ஆவணம் இவ்வாறு கூறுகின்றது, இரண்டாம் ஆவணம் இவ்வாறு கூறுகின்றது" என்று ஏழு ஆவணத்துக்கு ஏழு பந்தி. கடைசியில் "எனவே இரு சமூகங்களுக்கும் இடையே ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் காணப்பட்டன" என்று ஒரு முடிவு. மன்னார்ப் பக்கத்து முசலியில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கும் நான் அந்த முடிவுரையை எத்தனையோ தரம் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். உலகத்தில் எந்த இரண்டு சமூகத்தைப் பற்றியும் எழுதக்கூடிய வசனம் அது. அதனாலேயே அதில் ஒன்றுமில்லை.

ஆங்கிலேயரின் தொடக்ககாலக் குடியேற்றச் சமூகங்களை ஒப்பிடச் சொல்வது இந்தக் கலைக்கு நல்ல பயிற்சி. வழக்கமாகக் கொடுக்கப்படும் சோடி அமெரிக்காவில் இருக்கிறது. 1607இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கிய வேர்ஜினியா ஒன்று. 1630இல் ஜோன் வின்த்ரொப்பின் கப்பல்களோடு பெருகிய மசச்சூசெட்ஸ் மற்றது. ஒரே நாட்டார், ஒரே மொழி, ஒரே அரசன். ஆனால் அந்த நூற்றாண்டு முடியும்போது மசச்சூசெட்ஸ் சிறு பண்ணைகளும் ஊர்க்கூட்டங்களும் தேவாலயங்களும் கொண்ட நாடு. வேர்ஜினியா புகையிலைத் தோட்டங்களும் அடிமைகளும் கொண்ட நாடு. ஏன் இப்படிப் பிரிந்தன என்பதே கேள்வி. நான் இதோடு மூன்றாவதாக எங்கள் கரையையும் சேர்த்துக் கொடுப்பேன். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று நீளும் இந்த முத்துச் சலாபக் கரையிலும், அதாவது முத்துக்குளிப்புக் கரையிலும், ஆங்கிலேயர் ஒரு சமூகத்தை உண்டாக்கினார்கள். அது வருடத்தில் சில கிழமை மட்டுமே உயிரோடிருந்த சமூகம்.

ஆவணங்களைக் கையில் கொடுத்ததும் எதையும் எழுதவிடுவதில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கேள்விக்குப் பென்சிலால் பதில் எழுதச் சொல்வேன்: இந்தக் கடதாசி யாருக்கு எழுதியது, என்ன காரியம் ஆவதற்காக? அதில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. இந்த ஒழுங்கை மாற்றினால் ஒப்பீடு பிழைத்துவிடும். ஏனென்றால் இரண்டு ஆவணங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை இரண்டு சமூகங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசமாக எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கட்டுரையில் விழக்கூடிய ஆகப் பெரிய குழி.

பாடசாலை விசயத்தைப் பாருங்கள். ஐம்பது வீடுகள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும் என்று 1647இல் மசச்சூசெட்ஸ் சட்டம் போட்டது. வேர்ஜினியாவின் ஆளுநர் வில்லியம் பேர்க்லி 1671இல் இலண்டனுக்கு எழுதிய பதிலில், தன் நாட்டில் இலவசப் பாடசாலையோ அச்சகமோ இல்லாததற்கு இறைவனுக்கு நன்றி சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்தவுடன் பிள்ளைகளின் பேனை ஓடத் தொடங்கும்: வடக்கே கல்வி, தெற்கே அறியாமை. ஆனால் ஒன்று சட்டம். எது நடக்க வேண்டும் என்று சொல்வது. ஊர்கள் தாமாகவே ஆசிரியரை வைத்திருந்தால் சட்டத்துக்கு என்ன வேலை? மற்றது, மேலிடம் கேட்ட கேள்விகளுக்கு ஓர் ஆளுநர் அனுப்பிய பதில்; கலகத்துக்கும் மதப் பிரிவினைக்கும் தன் நாட்டில் இடமில்லை என்று காட்ட விரும்பியவரின் பதில். அவர் இல்லை என்று சொன்ன நாட்டிலேயே பெஞ்சமின் சிம்ஸ் என்பவர் 1630களில் எழுதிவைத்த மரண சாசனத்தால் ஓர் இலவசப் பாடசாலை இருந்தது. கல்வியில் இரு நாடுகளுக்கும் இடையே வித்தியாசம் உண்மையிலேயே உண்டு. ஆனால் இந்த இரண்டு கடதாசியும் அதை அளந்து தரமாட்டா.

அளக்கக்கூடியது வேறு இருக்கிறது. 1635ஆம் ஆண்டுக் கப்பல் பயணிகளின் பெயர்ப் பட்டியல்கள் இரு பக்கத்துக்கும் கிடைக்கின்றன. எழுதியவர் துறைமுக எழுதுவினைஞர். எழுதிய காரணம் ஒன்றே, ஆண்டும் ஒன்றே. நியூ இங்கிலாந்துக்குப் போகும் பட்டியலில் கணவன், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர் என்று வீடு வீடாகப் பெயர்கள். வேர்ஜினியாப் பட்டியலில் பெரும்பாலும் தனி ஆண்கள், இருபதை ஒட்டிய வயதுகள். பிரசங்கமும் புகழுரையும் சொல்லாததை இந்த வறட்டுப் பட்டியல் சொல்லிவிடுகிறது. குடும்பமாகப் போனவன் ஊர் கட்டுவான், பாடசாலை கேட்பான். ஒப்பந்தக் கூலியாகத் தனியே போனவன் தவணை முடியும்வரை உயிரோடிருப்பதைத்தான் நினைப்பான். இனத்தை இனத்தோடு வை என்று வகுப்பில் நான் சொல்வது இதைத்தான்: சட்டத்தைச் சட்டத்தோடு, பட்டியலைப் பட்டியலோடு.

எங்கள் கரைக்கு வருவோம். 1795இல் மன்னார்க் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அடுத்த வருடமே அவர்கள் சலாபம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். 1796, 1797, 1798 என்று மூன்று வருடம் அடுத்தடுத்துக் குளித்து, முத்துச் சிப்பி விளையும் பார்களை வெறுமையாக்கினார்கள். 1798இல் வந்த ஆளுநர் பிரெடரிக் நோர்த், சலாபத்தை மேற்பார்வை செய்ய அரிப்பில் கடலைப் பார்த்த மேட்டில் பெரிய தூண்களோடு ஒரு மாளிகை கட்டினார். டோரிக் மாளிகை என்று சொல்லும் அந்த இடிபாட்டை என் வகுப்பில் பார்க்காத பிள்ளை இல்லை.

அந்தக் காலத்தை எழுதியவர்களில் மூவரை எடுத்துக்கொள்வோம். றொபேட் பேர்சிவல் 19ஆம் படைப்பிரிவின் அதிகாரி. 1797 முதல் மூன்று வருடம் தீவில் இருந்து, 1803இல் நூல் வெளியிட்டார். புதிதாகப் பிடித்த நாட்டின் பெறுமதியை இலண்டன் வாசகருக்குக் காட்டுவது அவர் நோக்கம். ஆகவே அவர் கண்ணில் படுவது கூட்டம், செல்வம், திருட்டு, காவல். ஜேம்ஸ் கோர்டினர் கொழும்புப் படையின் பாதிரியார், பாடசாலைகளையும் மேற்பார்வை செய்தவர், 1807இல் எழுதினார். நோர்த்தின் ஆட்சிக்கு வேண்டியவர் என்பதை மறந்து அவரை வாசிக்கக் கூடாது. ஜேம்ஸ் ஸ்டுவார்ட் முத்துப்பார்களின் பரிசோதகர். 1843இல் அவர் எழுதியது அரசாங்கத்துக்கான தொழில் விளக்கம். சிப்பியின் வயது, பாரின் ஆழம், தோணியின் ஒழுங்கு அதில் கிடைக்கும்; குளிக்கிறவன் வீட்டில் என்ன சாப்பிட்டான் என்பது கிடைக்காது. மூவரும் முரண்படும் இடத்தில் யார் உண்மை சொன்னார் என்று கேட்பதைவிட, யாருக்கு எதைப் பார்க்க வேண்டிய தேவை இருந்தது என்று கேட்டால் கட்டுரை முன்னால் நகரும்.

நாலாவதாக லெனார்ட் வுல்ஃப். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய இளம் சிவில் அதிகாரியான அவர் 1906இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் வேலை பார்த்தார். அதைப் பின்புலமாக வைத்து எழுதிய சிறுகதை 1921இல் வந்தது. "குரோயிங்" என்ற சுயசரிதை 1961இல் வந்தது. ஒரே மனிதர், ஒரே கரை. ஆனால் இடையில் ஒரு பேரரசு சரிந்துவிட்டது, அவரும் அதன் விமர்சகராகிவிட்டார். ஆகவே "1906இல் ஆங்கில அதிகாரி இவ்வாறு எண்ணினார்" என்று எழுதிய பிள்ளையிடம், எந்த வருடத்து வுல்ஃப் என்று கேட்பேன்.

இனி வாதத்தைக் கட்டும் வேலை. வகுப்பில் ஒரு பிள்ளை எழுதிய வசனத்தைப் பலகையில் போட்டுக்கொண்டு தொடங்குவது என் வழக்கம். "வேர்ஜினியாவும் அரிப்பும் ஒரு பொருளின் இலாபத்துக்காக உருவான சமூகங்கள்." நல்ல தொடக்கம்தான். "அதனால் என்ன மகன்?" என்று கேட்பேன். "ரெண்டிலயும் ஆம்பிளையள்தான் கூட, சேர்." "சரி, அப்ப ரெண்டும் ஏன் ஒரே மாதிரிப் போகல்ல?" இந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஆவணங்களைப் பிள்ளைகள் உண்மையாகவே திரும்பப் புரட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் பலகையிலிருக்கும் வசனம் இப்படி மாறும்: "புகையிலைக்கு நிலமும் வருடம் முழுக்க உழைப்பும் வேண்டியிருந்ததால், வேர்ஜினியாவில் ஆங்கிலேயர் குடியேறி, முதலில் ஒப்பந்தக் கூலிகளையும் பின்னர் ஆபிரிக்க அடிமைகளையும் நிலத்தோடு கட்டிப்போட்டனர். முத்துக்குச் சில கிழமை அமைதியான கடலும், ஏற்கெனவே கரையில் இருந்த திறமையும் போதுமாயிருந்ததால், அரிப்பில் அவர்கள் குடியேறவில்லை. எண்ணுவதையும் பங்கு பிரிப்பதையும் மட்டுமே கையில் எடுத்தனர்."

இது வாதம். இதை மறுக்கலாம், ஆதாரம் கேட்கலாம், ஒரு பகுதியை உடைக்கலாம். ஒற்றுமை வேற்றுமை என்று எழுதிய வசனத்தை யாராலும் மறுக்க முடியாது. அதுதான் அதன் குறை.

ஆதாரம் கேட்டால் சலாபக் குறிப்புகளில் இருக்கிறது. தோணியை நடத்தியவர் சம்மாட்டி, பாருக்கு வழி காட்டியவர் அடப்பனார், குளித்தவர்கள் தூத்துக்குடி, கீழக்கரை, மன்னார்ப் பக்கத்துப் பரவரும் முஸ்லிம்களும், பிற்காலத்தில் அரபிகளும். சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டிக்கும் அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. மந்திரத்தை நம்பாத ஓர் அரசாங்கம் அதற்குக் காசு கொடுக்கிறது என்றால், அவன் ஓதாவிட்டால் தோணி இறங்காது என்று அர்த்தம். கடலில் யார் எசமான் என்பதை அந்தக் கணக்கு வரி காட்டுகிறது.

கரையில் எசமான் வேறு. கொட்டு என்று சொல்லும் பெரிய அடைப்புக்குள் எல்லாத் தோணியின் சிப்பியும் வந்து சேரவேண்டும். பிற்காலச் சலாபங்களில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. தன் சிப்பியைக் குளியாளே மூன்று குவியலாகப் பிரிப்பான். எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்று அதிகாரியின் ஆள் காட்டுவான். ஒரு குவியலைப் பெரிதாக்கினால் அதுதான் பறிபோகும். ஆகவே மூன்றும் சமமாக இருக்கும். இந்தச் சின்ன ஒழுங்கைப் பிள்ளைகள் ஆறுதலாகப் பார்க்கவேண்டும் என்று நான் நினைப்பேன். குளித்தவன் கைப்பட ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவன் கெட்டித்தனத்துக்கு அரசாங்கம் பயந்தது, அவன் மூச்சில்லாமல் அரசாங்கத்துக்கு வருமானம் இல்லை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்ற மூன்றையும் இந்த ஏற்பாடே எழுதி வைத்திருக்கிறது. எழுதாதவர்களைப் பற்றி எழுத வேண்டுமானால் அவர்களுக்காகப் போட்ட விதியை வாசிக்க வேண்டும். வாயைச் சோதிக்கக் காவலாளி நின்றான் என்றால், முத்தை விழுங்கியவர்கள் இருந்தார்கள்.

தேடிப் பார்க்காமல் கிடைப்பதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அரிப்பிலேயே சான்று உண்டு. இருநூறு வருடத்துக்குப் பிறகும் நிற்பது ஆளுநரின் தூண்கள். பல்லாயிரம் பேர் படுத்த ஓலை வாடிகளில் ஒன்றும் இல்லை. தூணை மட்டும் பார்க்கிறவன் ஆங்கிலேயர் இங்கே ஊன்றிக் குடியிருந்தார்கள் என்று எழுதுவான். மண்ணில் கிடக்கும் சிப்பி ஓட்டுக் குவியலைக் கிண்டுகிறவன்தான் கூட்டத்தின் அளவை உணருவான். கடதாசிகளும் அப்படித்தான், வலியவனுடையது கல்லில் இருக்கும்.

முசலிப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது எனக்குப் பெரிய கஷ்டமில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எங்கள் ஊர்களும் வெறுமையாயின. காணி உறுதிகள் பலருக்குத் தொலைந்தன. புத்தளத்து அகதி வாழ்க்கை முடிந்து, 2009க்குப் பிறகு திரும்பி வந்தால், வீடிருந்த இடத்தில் காடு. 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானிகள் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்து நிலங்களை வன ஒதுக்கமாக அறிவித்தன. வெளியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளின் வான்படத்தில் அங்கே மரம்தான் தெரியும். படம் பொய் சொல்லவில்லை. எந்த வருடத்துப் படம், அதற்கு முன் யார் இருந்தார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் பிழை. தன் வாப்பாவின் காணி வர்த்தமானியில் வனமாக வந்ததைப் பார்த்த பிள்ளைக்கு, பேர்க்லியின் கடிதத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நீண்ட விரிவுரை தேவைப்படுவதில்லை. ஆனால் மறுபக்கத்தையும் நான் சொல்லத் தவறுவதில்லை: எங்களுக்குச் சாதகமான கடதாசியையும் அதே கேள்வியோடுதான் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வழக்காடுதல், வரலாறு அல்ல.

கட்டுரை முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை. எழுதியதில் ஒவ்வோர் ஆவணமாக விரலால் மறைத்துப் பாருங்கள். அதை மறைத்தும் வாதம் அசையாமல் நின்றால், அந்த ஆவணம் புள்ளிக்காக ஒட்டப்பட்டது. எடுத்துவிடலாம், அல்லது அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம். ஒன்றை மறைத்ததும் வாதம் முழுக்கவே விழுந்தால், ஒரேயொரு சாட்சியில் வழக்கைக் கட்டியிருக்கிறீர்கள். அந்த ஆளை இன்னொரு தரம் விசாரியுங்கள். ஒன்றை மறைத்தால் வாதம் சற்றுத் தளர்ந்து, மற்றவை தாங்கிக்கொண்டால் விடைத்தாளைக் கட்டிக் கொடுக்கலாம். ஏழு ஆவணத்தையும் பாவித்தீர்களா என்று பரீட்சகர் எண்ணுவார். எண்ணட்டும், அது அவர் வேலை. ஏழும் எதற்காக எழுதப்பட்டன என்று தெரிந்துகொண்டு எழுதிய பிள்ளை, பிறகு வாழ்நாளில் கையொப்பம் கேட்டு நீட்டப்படும் எந்தக் கடதாசியையும் வாசிக்காமல் கையொப்பம் வைக்காது. முசலியில் வரலாறு படிப்பிக்க எனக்கு அந்தக் காரணமே போதும்.