நெருப்பு எங்கே நின்றது?

"ஆர்ட பிழை அம்மா?"

எங்கட ஏழு வயது மகளுக்கு எதற்கும் முதல் கேள்வி இதுதான். பால் கொட்டினாலும் இதுதான், ரயில் பிந்தினாலும் இதுதான். எங்கே பழகினாள் என்று தேடத் தேவையில்லை. நான் வேலை மீட்டிங்கில் கத்தும்போது அதே மேசையில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்கிறாள்.

போன மாதம் வேக்ஃபீல்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தேசிய நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போனோம். 140 மீட்டர் கீழே இறங்கும்வரை என் கையை விடவில்லை. மேலே வந்ததும், "கீழ வெடிச்சா ஆர்ட பிழை?"

காரில் வரும்போது வில்லியம் கார்ஃபோர்த்தின் கதையைச் சொன்னேன். வேக்ஃபீல்டுக்குக் கிட்ட அல்டொஃப்ட்ஸ் என்ற ஊரில் சுரங்க மனேஜர். ஊர்ப் பொதுவேலைகளிலும் முன்நின்ற மனிதர். 1886 ஒக்டோபர் 2 அவருடைய சுரங்கம் வெடித்தது. 22 பேர் இறந்தார்கள்.

வெடிப்பென்றால் காஸ்தான் காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. யாரோ ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி மூடியிருக்கலாம். (எனக்கு அது நல்லாத் தெரியும், பிறகு சொல்கிறேன்.) அவர் எரிந்த பாதைகளில் நெருப்பு எங்கே நின்றது என்று பார்த்தார். நிலக்கரித் தூசு கிடந்த இடமெல்லாம் நெருப்பு ஓடியிருந்தது. கல்தூசு படிந்த இடத்தில் அடங்கியிருந்தது.

அதைப் பெரிதாகச் சோதித்துக் காட்ட 1908 வரை ஆனது. பழைய பொய்லர்களைப் பொருத்தி நிலத்துக்கு மேலே ஒரு சுரங்கப்பாதை கட்டி, உள்ளே வேண்டுமென்றே வெடிக்கவைத்தார்கள். 22 வருசம்! நான் ஒரு பிழையை இரண்டு நாள் தேடினாலே அலுத்துவிடுவேன். பிறகு பாதைகளில் கல்தூசு தூவுவதே சட்டமானது. மீட்புக்குப் போகிறவர்களுக்கான சுவாசக் கருவி ஒன்றையும் அவர் செய்தார். 1914இல் சேர் பட்டம் கிடைத்தது.

மகள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப ஆர்ட பிழை எண்டு அவர் கேக்கவே இல்லையா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கிழமைக்கு முன் எங்கள் சேவை நாலு மணித்தியாலம் விழுந்துகிடந்தது. நான் எழுதிய அறிக்கையின் முதல் வரியில், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமான ஒரு பையனின் பெயர் இருந்தது. திங்கள் காலை அனுப்பவேண்டும்.

ஞாயிறு இரவு, பிள்ளை படுத்தபிறகு, அதைத் திறந்து பெயரை அழித்தேன். பிறகு விடியவிடிய லொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சேர்வர் விழுந்திருந்தது. நாலாவது ஏன் விழவில்லை?