நூற்றுக்கு நூறு

லேப்டாப் திணறினால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்த கைவைத்தியம். டிஸ்க் என்ற இடத்தில் 100% என்று நிற்கும். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். லினக்ஸ் சர்வர்களோடு மாரடிக்கும் எங்களுக்கு அதே கலக்கத்தைத் தருவது, ஐஓஸ்டாட் கருவியில் வலது ஓரமாக வரும் 'யூட்டில்' என்ற எண்.

அது சொல்வது இவ்வளவுதான்: கவனித்த நேரத்தில் எவ்வளவு பங்கு, ஒரு வேலையாவது டிஸ்க்கிடம் நிலுவையில் இருந்தது? ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் கணக்கு மாறாது. கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடம் என்று வையுங்கள். யாராவது ஒருவர் மாற்றி ஒருவர் இலை முன்னால் இருந்துகொண்டே இருந்தால், பந்தி ஓயவே இல்லை என்று சமையல்காரர் அலுத்துக்கொள்ளலாம். மற்ற நாற்காலிகள் காலியாகக் கிடந்தது அதில் வராது. எஸ்எஸ்டியும், பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டும் அந்தக் கூடத்தின் ஜாதி. ஒரே சமயத்தில் பல வேலைகளை எடுத்துச் செய்பவை. இவற்றுக்கு யூட்டில் எல்லையைக் காட்டாது என்று ஐஓஸ்டாட்டின் கையேடே எழுதி வைத்திருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் விஷயம் வேறு. அங்கே 100% என்றால் கவலைப்படத்தான் வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரம் சுமார் 8 மில்லி வினாடி. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்தால் வினாடிக்கு எண்பது வேலை முடிந்தாலே பெரிது. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் வெறும் 320 கேபி! அதே டிஸ்க் வரிசையாகப் படிக்கும்போது வினாடிக்கு 150 எம்பியை அநாயாசமாகத் தரும். இரண்டு வேளையும் யூட்டில் 100தான்.

அதனால் என் கண் முதலில் போவது 'அவெய்ட்' பக்கம். வரிசையில் நின்ற நேரமும் வேலை நடந்த நேரமும் சேர்ந்தது அது. பயனர் அனுபவிக்கும் வலிக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான். பக்கத்திலேயே வரிசையின் நீளமும் இருக்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இந்த இரண்டையும் கட்டிப்போடுகிறது: வினாடிக்கு 500 வேலை, ஒவ்வொன்றுக்கும் 20 மில்லி வினாடி என்றால் சராசரியாகப் பத்து வேலை நிலுவையில் இருக்கும்.

ஐஓஸ்டாட் போட்டு முதல் கத்தையை மட்டும் வெட்டி அனுப்பும் தம்பிகள் உண்டு. "அண்ணா, எல்லாம் நார்மலா இருக்கே!" அது சர்வரை பூட் செய்த நாளிலிருந்து எடுத்த சராசரி; மாதக்கணக்கில் தூங்கிய டிஸ்க்கின் இன்றைய காய்ச்சல் அதில் தெரியாது. இடைவெளி கொடுத்து ஓடவிட்டு, இரண்டாவது கத்தையிலிருந்து பார்க்க வேண்டும்.

அப்போதும் சராசரி சராசரிதான். 99 வேலை ஒரு மில்லி வினாடியில் முடிந்து, ஒன்று மட்டும் 500 இழுத்தால், அவெய்ட் சுமார் 6 என்று சாதுவாகக் காட்டும். அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டவர்தான் போன் செய்வார்.

இதற்கு வைத்தியமாக, தாமதங்களைச் சராசரியில் கரைக்காமல் பரவலாக வரைந்து பார்க்கும் வழக்கம் வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் 2008 கடைசியில் அப்படியொரு வரைபடத்தைத் திறந்து வைத்துவிட்டு, டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று உரக்கக் கத்தினார். கத்தலின் அதிர்வில் டிஸ்க்குகள் தடுமாற, தாமதம் எகிறியது திரையில் அப்படியே தெரிந்தது. அந்த வீடியோ இன்றும் சிஸ்டம் அட்மின்கள் மத்தியில் பிரசித்தம். எங்கள் சர்வர் அறையில் இதைச் செய்துபார்க்க முடியாது. பாதிக்கு மேல் எஸ்எஸ்டிக்கு மாறியாயிற்று. எவ்வளவு கத்தினாலும் அசராது.