பல்லேகலவில் ஒரு கோழிக் குடியேற்றம்

கண்டி நகரிலிருந்து மகியங்கனை செல்லும் பெருந்தெருவிற் பஸ் ஏறித் தென்னக்கும்புரவில் மகாவலி கங்கையைக் கடந்துவிட்டால், நகரத்தின் இரைச்சல் மெல்லப் பின்தங்கிவிடும். குண்டசாலையை அடுத்து வருவது பல்லேகல. சிங்களத்தில் 'பல்லே' என்பது கீழ், 'கெலே' என்பது காடு. கீழ்க்காடு என்று பெயர் பெற்ற இவ்வூரில் இன்று காட்டைத் தேடித்தான் காணவேண்டும். கைத்தொழிற் பேட்டையும், சிறைச்சாலையும், 2009ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கிரிக்கெட் மைதானமுமே வழிப்போக்கர் கண்ணில் முதலிற் படுவன. மைதானத்துக்கு வருவோர் ஆட்டம் முடிந்ததும் திரும்பிவிடுவர். நாம் சென்ற விடுமுறையில் அங்கே போனது கோழி பார்க்க. நேயர்கள் நகைக்க வேண்டாம்.

பெருந்தெருவை விட்டு உள்ளே இறங்கினால் கண்டிச் சீமைக்கே உரிய வீட்டுத் தோட்டங்கள் தொடங்குகின்றன. பலாவின் மேல் மிளகுக்கொடி, கமுகின் அடியிற் கோப்பி, வேலியோரம் கராம்பு. எது யாருடைய நிழலில் வளர்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத அடர்த்தி. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் பனியில் மூழ்கி நிற்கும். இத்தோட்டங்களிற் கோழி இல்லாத வீடு அரிது. குண்டசாலையை அடுத்த கரந்தகொல்லையில் அரசினரின் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

எம்மை வரவேற்ற அம்மையார் எமது பழைய நண்பரொருவரின் துணைவியார். இப்போது பேத்தியுடன் தனித்து வாழ்கிறார். முட்டை விற்ற காசிலேயே பேத்தியின் பஸ் கட்டணமும் அப்பியாசக் கொப்பிகளும் நடைபெற வேண்டும். முற்றத்திற் பேடு 9, சேவல் 1. ஒரே சாதி என்று சொல்ல முடியாத கூட்டம்: ஊர்க்கோழிகள் சில, ரோட் ஐலண்ட் ரெட் இரண்டு, வெள்ளை லெகோர்ன் ஒன்று, கழுத்திற் சிறகே இல்லாத விசித்திரப் பிறவி ஒன்று. பேடுகளுக்கு வயது மூன்றாகிவிட்டது; முட்டை குறைந்துகொண்டே வந்தது. ஆகவே ஒரு மாதக் குஞ்சுகள் 12 வாங்கி வளர்த்து, அவற்றைப் பழைய கூட்டத்திற் சேர்க்கும் நாளை எதிர்நோக்கியிருந்தார். முந்திய ஆண்டு 5 இளம்பேடுகளைப் பட்டப்பகலில் முற்றத்தில் அப்படியே திறந்துவிட்டதில் இரண்டு மாண்டுபோயின. ஒன்று தீன் அருகே வரவே அஞ்சி மெலிந்து, முட்டையிடாமலே காலங்கழித்தது. இம்முறையும் அவ்வாறு நேர்ந்தால் அக்குடும்பத்துக்கு அது சிறு நட்டமன்று.

"பழையதை விற்றுவிட்டுப் புதியதை மட்டும் வைத்திருக்கலாமே அம்மா" என்றோம்.

"பருந்து வந்தால் குரல் கொடுப்பது யார், மாஸ்டர்? இந்தத் தோட்டத்தில் கீரி எந்தப் பக்கத்தால் வரும் என்று அந்தக் கிழங்களுக்குத்தான் தெரியும்."

மறுமொழி சொல்ல எமக்கு வாய் எழவில்லை.

கோழிகள் கொத்துவதை வெறும் துஷ்டத்தனம் என்று எண்ணுவோர் பலர். நோர்வே நாட்டினரான ஷெல்டரப்-எபே என்பவர் சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கூர்ந்து நோக்கி, 1922இல் தம் முடிபுகளை வெளியிட்டார். கூட்டத்தில் ஒவ்வொரு கோழிக்கும் ஓரிடம் உண்டு. மேலுள்ளது கீழுள்ளதைக் கொத்தலாம், கீழுள்ளது திருப்பிக் கொத்தாது. இவ்வரிசை நிலைபெற்றபின் சண்டை அருகிவிடும். ஒரு பார்வையே போதும். புதியவர் வந்தால் வரிசை முழுவதும் குலைகிறது. அம்மையாரின் கூட்டத்தில் முதலிடம் ஒரு கறுத்த ஊர்க்கோழிக்கு. பேத்தி அதற்கு 'நாச்சியார்' என்று பெயர் வைத்திருந்தாள். நாச்சியார் நடந்தால் லெகோர்ன் விலகி நிற்கும்.

குண்டசாலையை நினைக்கும்போது வேறொரு குடியேற்றமும் நினைவுக்கு வருகிறது. அங்கே மாளிகை அமைத்து வாழ்ந்த நரேந்திரசிங்க மன்னனுக்கு மதுரையிலிருந்து தேவியர் வந்தனர். அவன் மறைந்தபின் 1739இல் அரசியின் உடன்பிறந்தாரே கண்டி அரியணை ஏறினார். மனிதரின் கதையைக் கோழிகளின் கதையோடு ஒப்பிடுவது முறையன்று. ஆகையால் இதனை இங்கே நிறுத்துகிறோம்.

இம்முறை அம்மையார் அவசரப்படவில்லை. குஞ்சுகளை முதல் நான்கு வாரம் வீட்டின் மறுபுறத்தில் தனியே வைத்தார். புதியது சுமந்துவரும் நோய் பழையதைத் தொற்றாதிருக்கவும், பழையது தாங்கிக்கொண்ட நோய் இளையதைக் கொல்லாதிருக்கவும் இவ்வேற்பாடு. இராணிக்கட் நோய்க்குத் தடுப்பூசி முன்னரே போடப்பட்டிருந்தது. பழைய கூட்டத்துக்கு முதலில் தீனிட்டுவிட்டு, கையைக் கழுவி, வேறு செருப்பு அணிந்தே குஞ்சுகளிடம் போவார்.

பின்னர் முற்றத்தின் ஒரு மூலையைக் கம்பி வலையால் அடைத்து, இளையவற்றை அதனுள்ளே விட்டார். பார்க்கலாம், தொடமுடியாது. நாச்சியார் முதலிரு நாளும் வலையை முட்டிக் கொக்கரித்ததாம். நாம் சென்றது பத்தாம் நாள். அப்போது வலையின் இருபுறமும் தீன் வைக்கப்பட்டிருக்க, இரு சாராரும் ஒருவரையொருவர் பொருட்படுத்தாமல் உண்டுகொண்டிருந்தனர்.

தீன் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. முட்டையிடும் கோழிக்கான தீனிற் சுண்ணச்சத்து நூற்றுக்கு நான்கு பங்கு வரையிலும், வளரும் கோழிக்கானதில் ஏறக்குறைய ஒரு பங்குமே இருக்கும். முட்டையிடாத இளம்பேடு அந்த மிகுதியை நாள்தோறும் உண்டால் அதன் சிறுநீரகம் கெடும். ஆதலால் எல்லாவற்றுக்கும் வளர்தீனே கொடுத்து, சிப்பித்தூளை வேறொரு சட்டியில் வைத்தார். தேவையானது தானே போய்க் கொத்திக்கொள்ளும்.

சேர்ப்பதற்குக் குறித்த மாலை. இளையவற்றுக்கு ஏறத்தாழ மூன்று மாதம். உடற்பருமன் பழையவற்றை நெருங்கியிருந்தது. இருள் கவிந்ததும் பேத்தி ஒவ்வொன்றாக ஏந்தி வந்து, கூட்டினுள் நீண்ட தடியில் அமர்த்தினாள். கோழிக்கு இருளிற் கண் தெரியாது, சண்டைக்கு எழாது. இரவிற் சேர்த்தாற் போதும், விடிந்ததும் எல்லாம் மறந்துவிடும் என்று பலர் கூறுவர். எமது அபிப்பிராயத்தில் இது பாதி உண்மையே. கோழி மறப்பதில்லை, வலைக்கு அப்பால் பத்து நாள் கண்ட முகமென்று அறிந்திருந்தமையே அங்கு உதவிற்று.

விடியுமுன் அம்மையார் எம்மை எழுப்பினார். முற்றத்தில் நான்கு இடங்களிற் தீன். மூன்று இடங்களிற் தண்ணீர். துரத்தப்பட்டது ஒளிந்துகொள்ளச் சாய்த்துவைத்த பலகைகளும் வெட்டிப்போட்ட கிளைகளும்.

"கொத்து விழும், மாஸ்டர்; விழத்தான் வேண்டும். இரத்தம் கண்டால் மட்டும் சொல்லுங்கள்."

கதவு திறந்தது. நாச்சியார் முதலில் இறங்கி, ஒரு சிவப்பு இளம்பேட்டின் தலையில் ஓங்கிக் கொத்திற்று. அது ஓடிக் கிளைக்குள் மறைந்தது. ரோட் ஐலண்ட் ரெட் ஒன்று விடாப்பிடியாகத் துரத்திற்று. சேவல் இடையிற் புகுந்து நின்றதும் விலகிக்கொண்டது. அரைமணி நேரம் முற்றம் முழுவதும் சிறகும் தூசியும். ஒரு சிறு பேட்டின் கொண்டையில் இரத்தம் துளிர்த்தது. இரத்தத்தைக் கண்டால் எல்லாக் கோழிகளும் அங்கேயே கொத்தும். ஆகவே பேத்தி அதனை உடனே எடுத்து, புண்ணைக் கழுவி, தோழி ஒன்றுடன் வலைக்குள் விட்டாள். தனியே வைத்தால் திரும்பும்போது மீண்டும் அந்நியமாகிவிடுமாம்.

இரண்டாம் மாலை நாம் புறப்பட ஆயத்தமானோம். தோட்டத்துக்கு அப்பால் எங்கோ காட்டுக்கோழி கூவிற்று. சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் தாங்கிய அப்பறவைதான் இலங்கையின் தேசியப் பறவை. முற்றத்துச் சேவல் தலைநிமிர்த்தி மறுகுரல் கொடுத்தது. பேத்தி விளக்குடன் கூட்டருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். பழையவை மேல்தடியில், இளையவை பத்தும் கீழ்த்தடியில் நெருங்கி, வலைக்குள் இரண்டு. "இருபத்திரண்டும் சரி, அம்மம்மா" என்று கூறிக் கதவைத் தாழிட்டாள்.