வளவுக்குள் இருந்த வெயில்

எங்கள் ஊரில் சீனி வருத்தம் இல்லாத வீடு அரிது. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாங்குகளில் பாதி ஊரைக் காணலாம். அண்மைக் காலமாக அந்த வாங்குகளில் இன்னொரு பெயரும் அடிபடுகிறது: விற்றமின் டி.

சென்ற வருடம் என் ராத்தாவின் வலது காலில் ஆணி ஏறியது. அவருக்கு அது தெரியவில்லை. தரையில் இரத்தத்தைக் கண்ட மகள்தான் கத்தினாள். பதின்மூன்று வருட நீரிழிவு பாதத்தின் உணர்வைத் தின்றிருந்தது. புண் ஆறாமல் ஒரு விரல் போயிற்று. அப்போது செய்த சோதனைகளில் ஒன்று, குருதியில் விற்றமின் டி மில்லிலீற்றருக்கு 9 நனோகிராம்தான் என்றது. 20க்குக் குறைந்தால் குறைபாடு என்பது வைத்தியர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு.

வெயில் எரிக்கும் கரையோர ஊரில் இது எப்படி? விடை எங்கள் வளவுகளில் இருக்கிறது. தோலில் புற ஊதாக் கதிர் பட்டால்தான் உடம்பு இந்த விற்றமினை ஆக்கும். எங்கள் உம்மாமார் தெருவுக்கு அதிகம் வராதவர்கள். ஆனாலும் வெயில் அவர்களுக்குக் கிடைத்தது. கிடுகு வேலிக்குள் கிணற்றடியும், நெல் காயும் பாயும், மா இடிக்கும் உரலும் திறந்த வானத்தின் கீழ் இருந்தன. மறைப்பும் வெயிலும் ஒரே இடத்தில் இருந்தன. பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது எங்கள் கிழக்கிலங்கை வழமை. நான்கு மகள்மாருக்கு வளவு நான்கானது. மதிலோடு ஒட்டிய வீடுகளும் கூரையிட்ட முற்றங்களும் வந்தன. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும்; விற்றமின் ஆக்கும் கதிரை விடாது.

நீரிழிவுள்ளவர்களில் விற்றமின் டி குறைந்தோரிடம் நரம்பு, விழித்திரை, சிறுநீரகப் பாதிப்புகளும் பாதப் புண்ணும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், கூடவே காணப்படுவது வேறு. காரணமாக இருப்பது வேறு. புண்ணோடு அறைக்குள் கிடப்பவருக்கு வெயில் எங்கே? உடல் பருத்தவர்களில் இந்த விற்றமின் கொழுப்பிலே தங்கிவிடுகிறது. பழுதுபட்ட சிறுநீரகம் அதனைச் செயற்படும் வடிவத்துக்கு மாற்றவும் தடுமாறும். அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற 2423 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் 4000 அலகு விற்றமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டரை வருடமளவில், நோய் வருவது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என 2019இல் முடிவு வெளியானது.

ராத்தாவுக்கு வைத்தியர் விற்றமின் குளிசை எழுதினார். எலும்புக்கும் தசைக்கும் அது வேண்டும். செய்தி பரவியதும் அடுத்த வீட்டு மாமி வந்தார்.

“மாஸ்டர், சீனிக் குளிசைய உட்டுட்டு இத மட்டும் போட்டா காணாதா?”

“காணாது மாமி” என்றேன்.

பிரித்தானியாவில் இருபது வருடம் நடந்த நீரிழிவு ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. குருதிச் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில், கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன. அந்த வேலையை விற்றமின் குளிசை செய்யுமென்று எவரும் நிறுவவில்லை. அளவு மீறினால் குருதியில் கல்சியம் ஏறிச் சிறுநீரகத்துக்கே கேடு. மாமிக்கு இதைச் சொல்லி, இரவில் படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பார்க்கவும், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடவும் சொன்னேன்.

வெயிலுக்கும் ஒரு கணக்குண்டு. சுபஹுக்குப் பின் நடப்பது சீனிக்கு நல்லது. விற்றமினுக்கு அந்த வெயில் போதாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகும் நேரத்தில்தான் அந்தக் கதிர் வேண்டிய அளவு இறங்கும். கொஞ்ச நேரம் போதும், தோல் கருக வேண்டியதில்லை. ஆனால் கையைத் திறந்து நிற்க எங்கள் பெண்களுக்கு ஓர் இடம் வேண்டுமே!

இனி மகளுக்கு வளவு பிரிப்பவர்களே, மதிலுக்குள் கூரையில்லாத பத்தடி நிலத்தையும் அவள் பங்கில் விட்டுவையுங்கள்.